கஞ்சமலைக்காரியின் இங்கிலாந்துக் குறிப்புகள்

அக்டோபர், ஷெஃபீல்ட்

கூடப் படிப்பவர்கள் லண்டன் கோபுரத்துக்கும் ஸ்டோன்ஹெஞ்சுக்கும் கிளம்பினார்கள். உலோகவியல் மாணவியான நான் இதே ஊரின் ஓரத்தில், ஷீஃப் ஆற்றங்கரையில் இருக்கும் அபிடேல் பட்டறைகளைப் பார்க்கப் போனேன். நீர்ச்சக்கரம், அது இயக்கும் பெரிய சம்மட்டிகள், புல்லறுக்கும் நீண்ட அரிவாள்களைத் தீட்டிய சாணைக்கல் எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன. 1933இல் நின்றுபோன பட்டறை இது. 1970இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள்.

நான் தேடிப் போனது அங்கிருக்கும் மூசை உலையை. மூசை என்றால் உலோகம் உருக்கும் மண் கலம். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார வில்லுக்குச் சீரான எஃகு கிடைக்காமல், மண் மூசையில் எஃகை முழுக்க உருக்கும் முறையைக் கண்டார். ஷெஃபீல்டை எஃகு நகரமாக்கியது அந்த முறைதான். மூசை மண்ணை வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துப் பதமாக்குவார்களாம்.

சேலத்தை ஒட்டிய எங்கள் கஞ்சமலைப் பக்கத்துக் கொல்லர்களும் மூசையில்தான் எஃகு செய்தார்கள், ஹன்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே. தேனிரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே பச்சை எருக்கிலையை வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபது, இருபத்துநான்கு மூசைகளை ஒன்றாக அடுக்கித் துருத்தி போடுவார்கள். இரண்டரை மணி நேரத்தில் எஃகுக் கட்டி தயார். குச்சியிலும் இலையிலும் இருந்த கரி இரும்பில் சேர்ந்து அதை எஃகாக்கிவிடும்.

இரவு ஊருக்குப் பேசினேன். "நம்ம காட்டுல ஏரு ஓட்டுறப்ப கருப்பா, கனமா கட்டி கட்டியா வருமே கண்ணு, அந்தக் கிட்டமா?" என்றார் அப்புச்சி. "ஆமாங்க அப்புச்சி, உலையில கழிஞ்சு போனது அது" என்றேன். "அதையெல்லாம் பொறுக்கி வரப்புல வீசிட்டமே சாமி" என்றார்.

டிசம்பர், லண்டன்

ஆல்பமார்ல் தெருவில் ராயல் இன்ஸ்டிடியூஷன். கீழ்த்தளத்தில் மைக்கேல் ஃபாரடேயின் ஆய்வுக்கூடம். மின்சாரத்துக்காக உலகமே கொண்டாடும் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். 1819இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்திய மூசை எஃகான வூட்ஸைப் பற்றியது. இதன் கூர்மைக்கும் உறுதிக்கும் காரணம் என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, இரும்பில் வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் என ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். வூட்ஸின் ரகசியம் என்று அவர் முதலில் நினைத்தது சரியாக அமையவில்லை. ஆனாலும் கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமானது. அவர் விட்டுச்சென்ற 79 எஃகு மாதிரிகளை ஷெஃபீல்டின் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் பின்னாளில் ஆராய்ந்து, 1931இல் நூலாக்கினார்.

மாலையில் செயின்ட் பால் தேவாலயம். கார்ன்வாலிஸ் பிரபுவின் நினைவுச் சிற்பத்தின் முன் வெகுநேரம் நின்றேன். 1792இல் திப்பு சுல்தானோடு அவர் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கஞ்சமலையின் தாதுவும் அந்தக் கையெழுத்தோடு போனது.

மார்ச், ஷ்ராப்ஷயர்

செவர்ன் ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலம். 1779இல் மூன்றாம் ஆபிரகாம் டார்பி எழுப்பியது. ஏறத்தாழ நூறடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. 1934 முதல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் நிதானமாக நடந்து பார்க்கலாம். 1986இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாலத்தைவிட என்னை அதிகம் நிறுத்தியது பக்கத்து ஊரான கோல்புரூக்டேலின் பழைய உலை. 1709இல் முதலாம் டார்பி, விறகுக் கரிக்குப் பதிலாகக் கல்கரியால் இரும்பு உருக்கியது இங்கேதான். காட்டை நம்பாமல் இரும்பு பெருகியதற்கு இந்த உலைதான் காரணம். அதே கல்கரி இரும்பு பிறகு கப்பலேறி நம் சந்தைக்கு மலிவாக வந்தது. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் கரிக்கு மரம் கிடைப்பதும் அரிதானது. சேலத்துச் சிற்றுலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு நாட்டின் தொழில் பிறந்த இடத்தில் நின்றபடி, என் நாட்டுத் தொழில் செத்த காரணத்தைப் படித்தேன். நெஞ்சு கனத்தது.

மே, ஷெஃபீல்ட்

ஜோசையா மார்ஷல் ஹீத்தைப் பற்றி நூலகத்தில் படிக்கிறேன். கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். சேலத்துத் தாதுவை நம்பி 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். ஆவாரங்குச்சி, எருக்கிலைச் செய்முறை இன்று நமக்குத் தெரிவதில் அவருடைய எழுத்துக்கும் பெரும்பங்கு உண்டு. 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்ட் அதனால் பெரும் லாபம் பார்த்தது. அவரோ வழக்காடியே ஓய்ந்தார். ஹீத்தின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. அவருக்குச் செய்துகாட்டிய கொல்லர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

கோட்டையையும் கோயிலையும் காப்பதுபோல் உலைக்களத்தையும் காக்க வேண்டும் என்பதை இந்த நாடு எனக்குக் கற்றுத்தந்தது. மேட்டூர் பக்கத்து மாங்காட்டில் கிடைத்த இரும்பு, கி.மு. 16, 15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இத்தனை பழமை உள்ள மண்ணில், உழவர் வரப்பில் வீசிய கிட்டம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் கிடக்கக் கூடாது. எந்தக் காட்டில் எவ்வளவு கிட்டம் என்று ஊர் ஊராகக் குறிக்க வேண்டும். கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு மூசை உலையைப் பழைய முறைப்படியே கட்டி, சேலம், நாமக்கல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எரித்துக் காட்ட வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் கிட்டக் கணக்கை எங்கள் காட்டிலிருந்தே தொடங்குவேன். முதலில் அப்புச்சிக்குத் தெரிந்த இடங்கள், பிறகு சுற்றுவட்டாரம்.