தேதி சொல்லாத சாட்சி

முதன்முறையாகச் சாட்சிக் கூண்டில் ஏறியபோது என் கை நடுங்கியது. குழந்தைநல மருத்துவராகப் பல இரவுகள் கண்விழித்திருக்கிறேன். நீதிமன்றம் எனக்குப் புதிது.

நான்கு மாதக் குழந்தை. காதுமடலிலும் கன்னத்திலும் ரத்தக்கட்டு. ரத்தம் உறைவதில் கோளாறு இல்லை என்று பரிசோதித்துவிட்டோம். "இன்னும் தவழாத குழந்தைக்கு இந்த இடங்களில் தானாக அடிபடுவது மிக அரிது" என்றேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

அடுத்த கேள்விதான் சிக்கல். "நிறத்தைப் பார்த்து, எந்த நாளில் அடிபட்டது என்று சொல்ல முடியுமா?"

வெள்ளிக்கிழமை என்றால் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் இருந்தவர்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறத்துக்கு நாள் கணக்குச் சொல்வது பழைய பாடம். அந்தக் கணக்கை நம்ப முடியாது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

"முடியாது" என்றேன்.

அப்போது மனத்தில் இருந்தவர் இங்கிலாந்தின் சாலி கிளார்க். இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999இல் தண்டிக்கப்பட்ட தாய். இப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாகத் திடீரென இறக்கும் வாய்ப்பு 73 மில்லியனில் ஒன்று என்றார், சாட்சியாக வந்த புகழ்பெற்ற மருத்துவர் ராய் மெடோ. இரண்டு மரணங்களுக்கும் தொடர்பே இருக்காது என்று எண்ணி, 8,543 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கிய கணக்கு அது. பரம்பரைக் காரணம் இருக்கலாம் அல்லவா? 2003இல் மேல்முறையீட்டில் விடுதலையான அந்தத் தாய், 2007இல் இறந்துபோனார்.

வெளியே வந்ததும் குழந்தையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தேதிய சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே, டாக்டர்."

"தெரியாததச் சொன்னா, தப்பு செய்யாதவங்க உள்ள போயிடலாம் பாட்டி."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "மொதல்ல பார்த்தது நான்தான். என்னிக்கின்னுதான் ஞாபகம் இல்ல."

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. மருத்துவரால் சொல்ல முடியாத தேதியை வீட்டில் இருப்பவர்களால் சொல்ல முடியும். தவழாத குழந்தையின் உடலில் ரத்தக்கட்டைப் பார்த்தால், அப்போதே கைப்பேசியில் படம் எடுங்கள். நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். யாராவது கொடுமைப்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழையுங்கள்.

குடும்ப மானம் போய்விடும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தக் குழந்தைக்குப் பேச வாயில்லை.