கடையில் கிடையாத உறுப்பு

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி எழுதுதற்கு எம்மினும் தக்கார் பலருளர். விளையாட்டுக் களத்து வெற்றிகளை எடுத்துரைத்தற்கும் அவ்வாறே. ஆதலின் யாம் மிகச் சிறியதொரு பொருளையே எடுத்துக்கொண்டோம். எத்துணைச் சிறிதெனின், அதன் உயரம் ஓரங்குலத்தில் ஆறிலொரு பங்காகும். அஃதொரு போத்தல், மாதிரிக் கார் ஒன்றின் போனற்றினுள்ளே இருப்பது. அதனைச் செய்தற்கு எமக்கு ஏறக்குறைய ஒரு திங்கள் சென்றது. இதனைக் கேட்பார் நகைத்தலும் கூடும். அந்நகைப்புக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரிக் கார் என்பது விளையாட்டுப் பொம்மையன்று. லிவர்பூல் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்த டிங்கிக் கார்களைப் பழைய மாணவர் பலர் சிறு வயதில் உருட்டியிருப்பர். 1979 இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பொம்மை கண்ணுக்கு ஒத்திருந்தாற் போதும். மாதிரியோ அளவுகோலுக்கும் ஒத்திருத்தல் வேண்டும். யாம் கைக்கொண்ட அளவு 24 இல் 1 ஆகும். உண்மை வண்டியின் ஓரடி மாதிரியில் அரை அங்குலமாகும். இவ்வளவிற் செய்வார்க்குச் சக்கரம், ரயர் போன்ற சில உறுப்புக்கள் விலைக்குக் கிடைக்கும். கிடையாதவற்றைத் தகட்டாலும் கம்பியாலும் மரத்தாலும் தாமே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். இக்கலையின் அருமையும் இன்பமும் அவ்விடத்திலேதான் தொடங்குகின்றன.

யாம் செய்த மாதிரி மொறிஸ் மைனர் வண்டியினுடையது. யாழ்ப்பாணத்தார்க்கு அவ்வண்டியை அறிமுகஞ் செய்தல் வேண்டியதில்லை. எனினும் அதன் பிறப்பு வரலாற்றில் ஒரு செய்தி எம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையதாகலின் அதனைக் கூறுவோம். அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948 இல் அது வெளிவருதற்குச் சிறிது முன்னர், வண்டி ஒடுங்கியிருக்கின்றது என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. உடனே முன்மாதிரி வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது அவர் கண்ணுக்கு அது பொருத்தமாகத் தோன்றிற்று. அந்த நான்கு அங்குலத்தின் தடம் போனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டையாக இன்றும் காணப்படுகின்றது. பம்பர்களோ முன்னரே செய்து முடிந்துவிட்டன. ஆகவே அவற்றை நடுவில் வெட்டி, இடையே ஒரு துண்டு வைத்துப் பொருத்தினர். 1961 இல் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்னும் பெருமை பெற்ற வண்டியும், தொடக்கத்தில் அறுத்தும் ஒட்டியும் பொருத்தியும் ஆக்கப்பட்டதே என்பதை மாணவர் மனங்கொள்க.

எமது தந்தையாரிடம் இருந்தது 1955 ஆம் ஆண்டு வண்டி. முகப்புக் கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது. முன்னழி கிடைக் கம்பிகளாலாயது. என்ஜின் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவினது. திரும்புதற்கு அடையாளமாகக் கதவின் பின்னுள்ள தூணிலிருந்து சிறு கையொன்று வெளியே நீளும். அவ்வண்டி இப்போது இல்லை. எஞ்சியிருப்பது பக்கவாட்டில் எடுத்த நிழற்படம் ஒன்றே. ஆயினும் ஒரு நிழற்படம் அளவறிவார்க்குப் பெருந்துணை. மொறிஸ் மைனரின் முன் பின் சக்கரங்களின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரம் 86 அங்குலம். எமது படத்தில் அது 43 மில்லிமீற்றராக இருந்தது. எனவே படத்தில் ஒரு மில்லிமீற்றர் உண்மையில் இரண்டு அங்குலமாம். கதவின் கைபிடி எங்குளது, கூரையின் மேலே தந்தையார் பூட்டுவித்த சாமான் தட்டு எவ்வளவு நீளம் என்பனவற்றை இவ்வாறே கணித்தோம். அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுமாதலின், சக்கரங்களோடு ஒரே தளத்தில் அமைந்தவற்றுக்கே இக்கணக்கு நேராகப் பொருந்தும் என்பதையும் நினைவிலிருத்தினோம்.

உடற்பகுதியைச் செய்தற்குப் பூவரச மரத்தில் அச்சொன்று செதுக்கினோம். பிளாஸ்ரிக் தகட்டைச் சூடேற்றி இளக்கி அவ்வச்சின்மேல் அழுத்தினால், அது வளைவுகளைத் தழுவி உறையும். தகட்டுக்கும் தடிப்பு உண்டாகலின், அத்தடிப்பின் அளவுக்கு அச்சு சிறுத்திருத்தல் வேண்டும். தட்டையான உறுப்புக்களுக்குத் தகட்டை முழுதும் வெட்ட வேண்டியதில்லை. கத்தியாற் கோடு கீறி மடித்தால் நேராக முறிந்துவிடும். முன்னழிக் கம்பிகளைச் சம இடைவெளியில் அமைத்தற்கு, இடைவெளியின் தடிப்புடைய வேறு கம்பிகளை நடுநடுவே வைத்து ஒட்டிப் பின்னர் அவற்றை உருவி எடுத்தோம். ஏழு அங்குல விட்டமுடைய முன்விளக்கு எமது அளவில் 7.4 மில்லிமீற்றராயிற்று. வர்ணம் பூசுதலிலும் கணக்குண்டு. பூச்சு பத்திலொரு மில்லிமீற்றர் தடித்தாலும், உண்மை வண்டியில் 2.4 மில்லிமீற்றர் தடிப்புச் சாந்து பூசியதற்கு அது சமமாகும். கதவுக் கோடுகள் அனைத்தும் மூடுண்டு போகும். இடப்பக்க மட்காட்டில் தகட்டுவேலைக்காரர் ஒருவர் தட்டி நிமிர்த்திய தழும்பொன்று படத்திற் காணப்பட்டது. அதனையும் விடாது செய்தோம்.

இவையெல்லாம் பொறுமையுள்ள எவர்க்கும் கைவரும். ஆயினும் ஓருறுப்புக்கு மட்டும் எந்நூலிலும் அளவில்லை, எப்படத்திலும் உருவமில்லை. அதுவே முதலிற் கூறிய போத்தல்.

1990 இல் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் எம்மவர் மண்ணெண்ணெயால் வண்டி ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எளிதில் ஆவியாகாது. என்ஜின் சூடேறிய பின்னரே அது பயன்படும். ஆகவே சில துளி பெற்றோலைக் காபுறேற்றரிற் செலுத்தி என்ஜினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். ஐரோப்பிய உழவு இயந்திரங்கள் சிலவும் முன்னாளில் இம்முறையாலேயே இயங்கின. பழைய வண்டிகளின் அமுக்க விகிதம் குறைவு. 803 என்ஜினுக்கு அது ஏறத்தாழ 7 ஆகும். அதனாலேயே புதிய வண்டிகள் தட்டுத்தடுமாறிய இடத்தில் ஒஸ்டினும் மொறிஸும் புகை கக்கியேனும் ஓடின. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உள்ளிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப் போகச் செய்யுமாதலின், ஒயிலை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருந்தது.

எமது தந்தையார் நான்கு அங்குல உயரமான மருந்துப் போத்தலொன்றைத் தலைகீழாகப் பற்றரிக்கு அருகே கட்டி, சேலைன் குழாயொன்றினால் அதனைக் காபுறேற்றரோடு இணைத்திருந்தார். குழாயிலுள்ள சில்லை விரலால் உருட்டினால் துளிதுளியாகப் பெற்றோல் இறங்கும். 1992 இல் ஒரு நள்ளிரவு எமது தாயார் கடும் நோயுற்றார். அப்போது போத்தலில் இருந்தது இரண்டு தேக்கரண்டியளவு பெற்றோலே. என்ஜின் முதல் முறையிலேயே இயங்கிற்று. விடியுமுன் தாயார் யாழ்ப்பாண வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். அதன்பின் இருபதாண்டு எம்மோடு வாழ்ந்தார். அயலார் பலரையும் அவ்வண்டி அவ்வாறே சுமந்து சென்றது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் பெயர்ந்தபோது, நிரம்பி வழிந்த வீதியில் யாம் சைக்கிள்களோடு நடந்தோம். வண்டி கொட்டிலில் நின்றது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது கொட்டில் வெறுமையாக இருந்தது.

போத்தல் எவ்விடத்தில், எவ்வுயரத்தில், எப்பக்கம் சாய்ந்து இருந்தது என்பதனை அறிந்தவர் இன்று ஒருவரே உளர். எமது தந்தையாருக்கு இப்போது 88 அகவை. பார்வை மங்கிவிட்டது, நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்பதில்லை. பிற உறுப்புக்களை அடுத்த ஆண்டிலும் செய்யலாம். இதனை இப்பொழுதே செய்தல் வேண்டும் என்பதை உணர்ந்தோம். பலமுறை வினவியும் அவராற் சொல்ல இயலவில்லை. ஒருநாட் காலை அவரே எழுந்து, “சொல்லத் தெரியேல்லைத் தம்பி. நான் போனற்றைத் திறந்த மாதிரி நிக்கிறன், நீ பாத்து அள” என்றார். வலக்கை போனற்றைத் தாங்குவதுபோல் உயர்ந்தது. இடக்கை சிறிதும் தயங்காது முன்னே சென்று ஓரிடத்தில் நின்றது. பெருவிரல் மட்டும் மேலுங்கீழுமாக அசைந்தது. குழாயின் சில்லு இருந்த இடம் அதுவே. நிலத்திலிருந்து அவ்விரலின் உயரத்தை அளந்தோம், 30 அங்குலம். “நான் இப்ப கூனிப் போனன்; ரண்டு அங்குலம் கூட்டிப் போடு” என்று அவர் திருத்தினார். 32 அங்குலத்தை 24 ஆற் பிரித்தோம். மாதிரியில் அது 34 மில்லிமீற்றர்.

அதன்பின் வேலை எளிதாயிற்று. ஒளிபுகும் பிளாஸ்ரிக் குச்சியொன்றைக் கைத்துறப்பணத்திற் பூட்டிச் சுழற்றி, சிற்றரத்தால் தேய்த்துத் தோளும் கழுத்துமாகப் போத்தலை உருவாக்கினோம். உயரம் 4.2 மில்லிமீற்றர். சேலைன் குழாய் எமது அளவில் ஏறக்குறையத் தலைமயிர் போலாகுமாதலின், மின்கம்பியினுள்ளிருந்த செப்பிழையொன்றை எடுத்து வெண்ணிறம் பூசினோம். சாமணத்தால் அதனைப் பிடித்து உரிய இடத்திற் பொருத்தினோம். முடிந்த மாதிரியைத் தந்தையாரின் கையிற் கொடுத்தபோது அவராற் போத்தலைக் காண இயலவில்லை. ஒரு நெருப்புக்குச்சியின் நுனியைப் போனற்றினுள் நுழைத்து, “இதிலை தானே?” என்றார். குச்சி போத்தலைத் தொட்டு நின்றது.

இவ்வளவு பாடு எதன்பொருட்டு என நகைப்பார்க்கு எமது விடை இதுவே. தொழிற்சாலையில் ஆன உறுப்புக்களெல்லாம் மொறிஸ் மைனர் வண்டிகள் அனைத்துக்கும் பொது. அவற்றின் அளவுகள் அச்சேறி உலகெங்கும் உள்ளன, அவை அழியா. சாமான் தட்டும், மட்காட்டுத் தழும்பும், மருந்துப் போத்தலுமே அவ்வண்டியை எம்மூர் வண்டியாக்கின. அவற்றை எத்தொழிற்சாலையும் செய்யவில்லை. எவரும் வரைந்து வைக்கவுமில்லை. இடுக்கண் வந்த காலத்தில் கையிலகப்பட்டதைக்கொண்டு எம் முன்னோர் செய்தவை அவை. கடையில் கிடையாத உறுப்பைச் செய்ய முயலுங்காலே அதனை முதன்முதற் செய்தவரிடம் சென்று வினவுகின்றோம். விலைக்குக் கிடைத்திருப்பின் வினவியிரோம்.

இவ்வாறு உறுப்புச் செய்தல் எம் குடாநாட்டுக்கு மட்டும் உரிய திறமன்று. 1990 களில் தென்னிலங்கையிலும் கைவினைஞர் மொறிஸ் மைனருக்கு வேண்டிய உலோக உறுப்புக்களைச் செய்தனர். அவை இங்கிலாந்திலுள்ள பாத் நகருக்குச் சென்று, அவ்வண்டி பிறந்த நாட்டிலேயே பழைய வண்டிகளைப் புதுப்பிக்க உதவின. ஒரே தீவின் வடபால் அவ்வண்டியை ஓட்டுதற்கும் தென்பால் அதனைப் புதுப்பித்தற்கும் ஒரே காலத்திற் கைகள் உழைத்தன என்பது எண்ணுந்தோறும் எமக்கு வியப்பளிப்பதாம்.

மாணவர்காள்! நும் இல்லத்தில் நீரிறைக்கும் இயந்திரம் இருக்கலாம். தையல் இயந்திரமோ பழைய சைக்கிளோ இருக்கலாம். அதில் தொழிற்சாலை அனுப்பாத உறுப்பு ஏதேனும் உளதா என்று தேடிப் பாருங்கள். ஒரு கம்பிக் கட்டோ, மரஆப்போ, ரயரில் வெட்டிய வாரோ நிச்சயம் அகப்படும். அதனைப் பூட்டியவர் யார், எக்காலத்தில், எக்குறையைத் தீர்த்தற்கு என்று முதியோரை வினவுங்கள். விடையை அடிமட்டத்தால் அளந்து, நாளுங் குறித்துக் கொப்பியில் வரைந்து வையுங்கள். மாதிரி செய்வது பின்னர் ஆகட்டும். அளப்பதை மட்டும் அடுத்த விடுமுறைக்கென ஒத்திவைத்தல் வேண்டா.