கண் கிளினிக் தேதி

ஏழு மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டுத்தான் பிழைக்காது என்பது எங்கள் தோட்ட லயத்துக் கிழவிகளின் கணக்கு. மகள் முப்பதாவது வாரத்தில் பிறந்தபோது அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏழுதானடி, பயப்படாத." பிழைத்தாள். மூச்சு நேரானது, பால் இறங்கியது. டிக்கோயாக் குளிரில் அவளைச் சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டே கிடந்தேன். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த டொக்டர்கள் தொடங்கிய முறையாம் அது. எங்கள் மலைக்கென்றே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

கண்ணைப் பற்றி மட்டும் எவரும் நினைக்கவில்லை. நினைக்க என்ன இருந்தது? கருகருவென்று விழித்துப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முந்திப் பிறந்த பிள்ளைகளின் விழித்திரையைப் பிடிக்கும் இந்த நோயின் கொடுமையே அதுதான்.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வயிற்றுக்குள் நாலாம் மாசமளவில் நடுவிலிருந்து புறப்படுகின்றன. ஓரத்தைத் தொட ஏறக்குறைய பத்தாம் மாசம் ஆகிவிடும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது பாதி மலைவரை போட்டு விட்ட ரோடு. உயிரைக் காக்கக் கொடுக்கும் ஒட்சிசன் அளவு மீறினால் அந்த வளர்ச்சி நின்றுபோகும். சில வாரம் கழித்து, இரத்தம் எட்டாத ஓரத்துக்காகப் புதுக் குழாய்கள் கண்டபடி முளைக்கும். கசியும். தழும்பாகும். கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். பார்வையைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் வாரக்கணக்குத்தான். முற்றிவிட்டால் இரண்டு மூன்று நாளைக்குள் லேசர் வைத்தாக வேண்டும்.

இதையெல்லாம் அப்போது யார் எனக்குச் சொன்னது? கிளினிக் கொப்பியில் ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்கள், கண்டிக்கு வரச்சொல்லி. வீட்டில் எல்லாருக்கும் ஒரே கேள்வி: நல்லா இருக்கிற பிள்ளையை எதற்கு இந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு அலைவது? கினிகத்தேனை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்கும் அதே கேள்விதான். நாவலப்பிட்டி, கம்பளை தாண்டும்வரை அவள் தூங்கினாள்.

கண்டி கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை உட்கார வைத்தார்கள். பிறகு கை கால் அசையாமல் துணியில் சுற்றினார்கள். இமை மூடாதபடி சின்னக் கம்பி ஒன்றை மாட்டினார்கள். நெற்றியில் விளக்குக் கட்டிய டொக்டர் ஒரு கையில் கண்ணாடி வில்லையைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த மெல்லிய கருவியால் கண்ணை ஓரமாக அமுக்கிச் சுழற்றினார். ஓரம் தெரிந்தால்தான் அவருக்கு வேலை. நர்ஸ் மிஸ் அவள் நாக்கில் சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தார். அவள் அழுத அழுகையில் என் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. டொக்டர் சிங்களத்தில் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது "லேசர்" ஒன்றுதான். மற்றதை நர்ஸ் மிஸ் தமிழில் நிதானமாகச் சொன்னார். அவரை நான் மறக்கவே மாட்டேன்.

இந்த நோயை 1942இல் பொஸ்டனில் டெரி என்ற கண் டொக்டர் முதலில் எழுதி வைத்தார். ஒட்சிசன் அளவு மீறுவதுதான் காரணமோ என்ற சந்தேகத்தை 1951இல் மெல்பேர்னில் சுட்டிக் காட்டியவர் கேட் கேம்ப்பெல், குழந்தை டொக்டர். அதெல்லாம் நடந்து 45 வருசம் கழித்து, 1996இல், சென்னை அரசு ஆஸ்பத்திரியொன்றில் 29 வாரத்தில் 1,250 கிராமாக ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கண்ணைக் காட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பார்வை போயிற்று. தகப்பன் வழக்காடினார். 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தொகையைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மனசில் தைத்தது வேறு. அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய நாளில், அந்தத் தாயும் என்னைப்போலத்தான் எடை ஏறிய சந்தோசத்தில் வாங்கிப் போயிருப்பாள். எனக்குக் கொப்பியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு அதுவும் இல்லை.

என் மகள் இப்போது தடித்த கண்ணாடி போட்டு முன் வாங்கில் இருக்கிறாள். லேசர் வைத்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது சகஜம். வருசா வருசம் கண்டி போகத்தான் வேண்டும்.

கீழ் லயத்தில் போன மாசம் ஒரு பிள்ளை முந்திப் பிறந்திருக்கிறது. காலைப் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது, பிள்ளையும் தேறிவிட்டது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்கிறான் தகப்பன். நான் அவனோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். கொப்பியில் தேதி வெள்ளிக்கிழமை. "விடிய முதல் பஸ்ஸுக்கு நில்லு புள்ள, நானும் வாறேன்" என்று தாயிடம் சொல்லியிருக்கிறேன்.