தனிவழியும் நிழற்படமும்

பயணம் தமிழர்க்குப் புதியதன்று. பரிசில் பெற்ற கலைஞன், பெறாத கலைஞனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையையே கண்ட மொழி நம் மொழி. அந்நூல்களில் வழியும் உண்டு. வழியிற் கிடைக்கும் உணவும் உண்டு. விருந்தோம்பும் மக்களும் உண்டு. எனினும், அவ்வழிகளில் நடந்தோர் பெரும்பாலும் சுற்றம் சூழச் சென்றோரே ஆவர்.

தனியே சென்றோர் வரலாறு வேறு. மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில், துணையின்றிப் புறப்பட்ட இப்னு பதூதா நம் மதுரை வரை வந்து சென்றார். கோட்டையூரிற் பிறந்த ஏ.கே. செட்டியார், அயல்நாடுகளில் நிழற்படக்கலை பயின்று, பல நாடுகளிலும் அலைந்து படச்சுருள்களைத் திரட்டி, காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்டார். முன்னவர் கண்டதைச் சொல்லாற் பதிந்தார். பின்னவர் சொல்லாலும் ஒளியாலும் பதிந்தார்.

இவ்விருவரும் ஆடவர். இவர்களை எவரும் "தனியாகவா வந்தாய்?" என்று கேட்டிருப்பாரோ என்னவோ! எம்மைக் கேளாதார் இலர். இரயில் நிலையத்தில் கேட்பர்; உணவகத்தில் கேட்பர்; விடுதியின் பதிவேட்டில் பெயரெழுதும்பொழுது கேட்பர். ஐந்தாண்டுகளாக அவ்வினாவிற்கு விடை கூறியே பழகிவிட்டோம். அவ்விடையைச் சற்று விரிவாக எழுதிப் பார்த்தால் என்ன என்னும் எண்ணமே இக்கட்டுரையாயிற்று.

ஏன் தனியே?

நாம் சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்திற் பணிபுரிகின்றோம். வாரத்தில் ஐந்து நாள்கள், சில காலங்களில் ஆறு நாள்கள், பிறருடைய வரவையும் செலவையும் சரிபார்ப்பதே எம் தொழில். அதில் எமக்கு மனக்குறை இல்லை. ஆயினும், எண்களையே நோக்கிய கண்களுக்கு ஓய்வு வேண்டும். பழைய நிழற்படக் கருவி ஒன்றைச் சேமிப்பிலிருந்து வாங்கினோம். மாதத்தில் ஒரு வார இறுதியை அக்கருவிக்கு ஒதுக்கினோம்.

தோழியருடன் சென்றால் ஆகாதா என வினவலாம். ஆகும், அதன் இன்பம் தனி. ஆனால் கூட்டமாகச் செல்வோர் தம்முள்ளேயே பேசிக்கொள்வர். ஊர் அவர்களிடம் பேசாது. தனியே செல்பவளிடம் ஊர் பேசும். பேருந்தில் அருகமர்ந்த அம்மையார் தம் மகளின் பிரசவக் கதையைக் கூறுவார். தேநீர்க் கடைக்காரர் எந்தத் தெருவழியே சென்றால் வெயில் படாது என்பார். ஆடவர் ஒருவர் கருவியுடன் சென்றால் வாயிற்படியோடு நிற்க வேண்டியிருக்கும். தனித்து வந்த பெண்ணையோ, "உள்ள வாம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போ" என அடுக்களைக்கே அழைத்துச் செல்வர். பெண்ணுக்குப் பல வழிகள் அடைபட்டிருப்பது உண்மை. அவளுக்கு மட்டுமே திறக்கும் கதவுகளும் உண்டு என்பது அதனினும் இனிய உண்மை.

அச்சம் இல்லையோ எனின், உண்டு. அச்சத்தை வெல்வதற்கு வீரம் வேண்டா, ஒழுங்கு போதும். இருள் கவியுமுன் தங்குமிடம் சேர்தல், வண்டியின் பெயரையும் விடுதியின் முகவரியையும் வீட்டில் எழுதிவைத்தல், இரவில் வண்டிக்குக் காத்திருக்க நேர்ந்தால் மகளிர் ஓய்வறையில் இருத்தல், ஐயம் தோன்றிய இடத்தில் படத்தை விட்டு விலகுதல் ஆகிய நான்கும் எம் விதிகள். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. மாவட்டத் தலைநகர் வரை இரயிலிற் சென்று, அங்கிருந்து அப்பேருந்துகளில் ஏறிச் சிற்றூர்களைக் காண்பது எம் வழக்கமாயிற்று. அவ்வண்டிகளில் வயலுக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் தனியே செல்லும் பெண்கள் நிறைந்திருப்பர். அவர்களை எவரும் பயணி என்று சொல்வதில்லை, அவ்வளவே வேறுபாடு.

கருவியும் கண்ணியமும்

இலினேயசு டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்துறையாளர் 1858-ஆம் ஆண்டில் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒரே நீள்படமாக ஒட்டிய பெருமை அவருடையது. அக்காலப் படங்களில் கோபுரங்கள் துலங்கும். நடமாடும் மாந்தரைக் காண்பது அரிது. காரணம் எளிது. அன்றைய கருவி நெடுநேரம் ஒளியை உண்டால்தான் படம் பதியும். அசையாத கல் பதிந்தது, அசையும் மனிதன் மறைந்தான்.

இன்றைய கருவி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற் படமெடுக்கிறது. ஓடும் குழந்தையும் பறக்கும் புறாவும் அப்படியே நிற்கின்றன. ஆயினும் பயணப் படங்களிற் பெரும்பாலானவற்றில் கோபுரமும் கடலும் அந்தி வானமுமே இருக்கின்றன. கருவியின் குறை நீங்கிற்று. கண்ணின் வழக்கம் நீங்கவில்லை.

மனிதரைப் படமெடுக்கும்பொழுது மற்றொரு சிக்கல் எழுகிறது. 200 மி.மீ. வில்லை ஒன்றிருந்தால், தெருவின் மறுகோடியில் நிற்பவர் முகத்தை அவரறியாமல் கவர்ந்துகொள்ளலாம். எம்மிடம் இருப்பது 50 மி.மீ. வில்லை. அதில் முகம் நிறைய வேண்டுமானால் நான்கைந்து அடி தொலைவிற்குச் செல்ல வேண்டும். அருகே சென்றால் பேசித்தான் ஆக வேண்டும்; பேசினால் ஒப்புதல் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே அவ்வில்லையை நாம் மாற்றவில்லை. பணம் சேர்ந்த பின்னரும் மாற்றவில்லை. மறுப்போர் பலர். மறுத்தவர்க்கு வணக்கம் கூறி விலகுவோம்.

இந்தியாவின் முதற் பெண் செய்தி நிழற்படக் கலைஞர் எனப் போற்றப்படுபவர் ஓமாய் வியாரவாலா. 1913-இல் பிறந்து 2012-இல் மறைந்த அவ்வம்மையாரின் தொடக்ககாலப் படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன. விடுதலை இந்தியாவின் தொடக்க ஆண்டுகளைப் படமாக்கிய அவர், 1970-ஆம் ஆண்டளவில் அத்தொழிலையே விட்டுவிட்டார். 2011-இல் பத்ம விபூசண் விருது பெற்றார். கருவி ஏந்திய பெண்ணின் பெயர் அவளுடைய படத்தின் கீழே அச்சேறுவதற்குக்கூடக் காலம் தேவைப்பட்டது என்பதை எண்ணும்பொழுது, எம் தோளில் தொங்கும் கருவியின் எடை சற்றுக் கூடுவதுபோல் உணர்வோம்.

கடலோரத்தில் ஒரு நண்பகல்

2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எழும்பூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டியில் ஏறினோம். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின்மீது வண்டி நடந்தது என்றே கூறவேண்டும். அத்துணை மெதுவாகச் சென்றது. இருபுறமும் கடல். கப்பல் வரும்பொழுது தொழிலாளர் கையால் நெம்புகோல் சுழற்றித் தூக்கும் நடுப்பகுதியைக் கடந்தபொழுது பெட்டியில் பேச்சொலி அடங்கிற்று. அவ்வாண்டு திசம்பரிலேயே அப்பாலத்தில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

மறுநாள் தனுசுகோடி சென்றோம். 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல், துறைமுகமும் இரயில் நிலையமும் கொண்ட அவ்வூரைச் சிதைத்தது. பயணியருடன் வந்த இரயில் வண்டியும் கடலுக்கு இரையாயிற்று. இன்று அங்கு வருவோர் அனைவரும் இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்கின்றனர். நாமும் எடுத்தோம். அருகே சங்கும் சிப்பியும் விற்ற பெண்மணி எம்மை நோக்கி, "ஏத்தா, தனியாவா வந்துருக்க?" என்றார். வழக்கமான விடையைக் கூறினோம். பின்பு அவர், "இடிஞ்சதை எல்லாரும் எடுக்குறாக. இடியாம நிக்கிற எங்க மாமியாளை ஒரு படம் புடிச்சுத் தாயேன்" என்றார்.

அம்மூதாட்டி புயலின்பொழுது சிறுமியாய் இருந்தவர். ஓலைக் குடிசையின் நிழலில் அமர்ந்திருந்தார். ஒப்புதல் கேட்டோம். உடனே ஒப்பவில்லை. "பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரட்டும். சேலையை மாத்திக்கிறேன். உக்காந்து எடுக்காத, நின்னுதான் எடுக்கணும்" என மூன்று கட்டளைகள் இட்டார். அன்று சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. பேரன் வருவதற்குள் நண்பகல் ஆகிவிட்டது.

நிழற்படக்கலை பயில்வோர் முதலிற் கற்கும் பாடம், நண்பகல் ஒளியில் முகத்தைப் படமெடுக்கலாகாது என்பது. தலைக்கு நேர்மேலே நிற்கும் ஞாயிறு கண்குழிகளைக் கருநிழலாக்கும். காலையிலோ மாலையிலோ எடுத்திருந்தால் அழகிய படம் வாய்த்திருக்கும். ஆனால் அது நாம் விரும்பிய மூதாட்டியின் படமாக இருந்திருக்கும். அவர் விரும்பிய மூதாட்டியின் படமாக இருந்திராது. ஊதாச் சேலை உடுத்து, பேரன் தோளைப் பற்றி, குடிசையின்முன் நிமிர்ந்து நின்றார். வெயிலில் கண் சற்றுச் சுருங்கியிருந்தது. எடுத்தோம். சென்னை திரும்பியதும் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினோம்.

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட பின் மீண்டும் அங்குச் சென்றோம். நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலத்தின்மீது வண்டி செல்ல, அருகே பழைய பாலம் வெறுமனே நின்றது. தனுசுகோடியில் மூதாட்டி நலமாக இருந்தார். சுவரில் படம் இல்லை. கேட்குமுன் அவரே கூறினார்: "பேரன் தூத்துக்குடிக்குப் படிக்கப் போயிட்டான். போறப்ப படத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான். எனக்கு இன்னொண்ணு குடு."

எம் படங்கள் சில மலர்களில் அச்சேறியதுண்டு. அவற்றுள் எதுவும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடன்று.

வீட்டில் எழுந்த வினா

ஊர்களின் வினாவிற்கு விடை கூறுவது எளிது. வீட்டின் வினாவிற்கு விடை கூறுவதே அரிது. தொடக்கத்தில் தந்தையார் ஒன்றும் கூறவில்லை. "டிக்கெட் உறுதியாயிடுச்சா?" என்பது மட்டுமே அவர் கேட்பது. அன்னையார் இரயில் வரும் நேரம்வரை விளக்கை அணைக்காமல் காத்திருப்பார். அத்தை ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" எனத் திருமண வீடுகளில் உரக்கவே கேட்பார்.

சென்ற ஆண்டு ஒரு நல்ல இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தனர். படிப்பும் பணியும் பிடித்திருந்தன. புறப்படும்பொழுது மாப்பிள்ளையின் பெரியப்பா, "இந்த ஊர் சுத்துறதைக் கல்யாணத்துக்கப்புறம் நிறுத்திக்குவாங்கல்ல?" என்று இயல்பாகக் கேட்டார். அவரிடம் பகைமை இல்லை. வழக்கமே அவ்வாறு கேட்கச் செய்தது. அவையில் அமைதி நிலவிற்று. அதுவரை வாய் திறவாத தந்தையார் கூறினார்: "அவ ஊர் சுத்தலைங்க; ஊரைப் பாக்குறா. பாத்ததைக் கொண்டாந்து எங்களுக்கும் காட்டுறா. இவ அம்மா பாம்பன் பாலத்தை இவ படத்துலதாங்க பாத்தா."

அந்த இடம் அமையவில்லை. சில நாள்கள் வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது. அன்னையாரின் கண்கள் சிவந்திருந்ததையும் கண்டோம். எம் விருப்பத்திற்கு ஒரு விலை உண்டென்பதும், அவ்விலையை நாம் மட்டும் செலுத்தவில்லை என்பதும் அந்நாள்களில் தெளிவாயின. வரவு செலவு அறிந்த தொழிலில் இருப்பதால் இதனை மறைக்க மாட்டோம். ஆயினும் ஒரு மாதம் கழித்து அன்னையாரே கேட்டார்: "இந்த மாசம் எங்கேயும் போகலையா? தரங்கம்பாடி போறப்ப சொல்லு. நானும் வர்றேன்." டேனியர் 1620-இல் கோட்டை எழுப்பிய அக்கடற்கரையில் அன்னையார் காலணியைக் கழற்றிவிட்டு அலையில் நின்றார். எம் தனிப்பயணங்களின் வரிசையில் அந்த ஒன்று மட்டும் தனிப்பயணமன்று. அதனை வரிசையிலிருந்து நீக்க மனமில்லை.

இளையோர்க்கு

இம்மலரைப் புரட்டும் மாணவ மாணவியர்க்கு ஒன்றிரண்டு கூறி முடிப்போம். தொலைதூர நாடுகளுக்குச் சென்றால்தான் பயணம் என்று கருதற்க. உங்கள் ஊரிலிருந்து புறப்படும் பேருந்துகளுள் நீங்கள் ஒருமுறையும் ஏறாத வண்டி ஒன்றிருக்கும். அதன் கடைசி நிறுத்தம் வரை சென்று வாருங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டா. கையிலிருக்கும் கைப்பேசியே போதும். படமெடுக்குமுன் பெயரைக் கேளுங்கள். எடுத்தபின் ஒரு படியை அனுப்புங்கள். யாருடைய முகமோ அவரே அப்படத்திற்கு முதல் உரிமையாளர்; நாம் இரண்டாமவரே.

வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். திரும்பி வந்து கண்டதைச் சொல்லுங்கள். ஒருத்தி தனியே செல்லலாம். அவள் கண்டது வீட்டார்க்கெல்லாம் உரியதாகட்டும். அவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி சொல்லத் தொடங்கினால், "தனியாகவா வந்தாய்?" என்னும் வினா மெல்ல மாறி, "என்ன கண்டாய்?" என்னும் வினாவாகும். அவ்வினாவிற்கு விடை கூற நாம் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கின்றோம்.