மலாக்காவில் ஒரு பகல்

மலாயா என்ற பெயரைக் கேளாது வளர்ந்த பிள்ளை ஒரு காலத்தில் எமது கொக்குவிலில் அரிது. ஒழுங்கைகள்தோறும், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையிட்டு அமர்ந்திருக்கும் 'மலாயன் பென்சனியர்' ஒருவரையேனும் காணலாம். ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாண இளைஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் ஏற்றுச் சென்றதன் பயன் அது. எம் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். அவர் வாய்மொழியாற் கேட்ட மலாக்கா நகரைக் கண்ணாற் காணும் வாய்ப்பு, அவுஸ்திரேலியாவிலுள்ள பேர்த்தியைப் பார்க்கச் சென்ற பிரயாணத்தில் எமக்குக் கிட்டியது. கோலாலம்பூரிலிருந்து புறப்படும் அடுத்த விமானம் இரவிலேதான். ஒரு பகல் முழுவதும் எம் கையில் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து பஸ் வண்டியில் ஏறினோம். வழிநெடுகச் செம்பனைத் தோட்டங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மலாக்காவை அடைந்தோம்.

யாழ்ப்பாணத்தவருக்கு மலாக்காவின் சரித்திரம் புதிதன்று. 1511 இல் போர்த்துக்கேயர் அந்நகரைப் பிடித்தனர்; யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619 இல். ஒல்லாந்தர் அங்கே 1641 இலும் இங்கே 1658 இலும் அவர்களை வென்றனர். 1795 ஆம் ஆண்டிலோ ஆங்கிலேயர் இரு நகரங்களிலும் புகுந்தனர். மலாக்காக் கோட்டையை ஆங்கிலேயரே 1807 இல் இடித்துவிட்டனர். இன்று ஒரு வாயில் மட்டும் நிற்கிறது. அதன்மேல் 1670 என்ற ஆண்டும் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் உள்ளன. அருகே, 1753 இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த செந்நிறத் தேவாலயம் பழுதின்றி விளங்குகிறது. எமது ஊரிலோ கோட்டை நிற்கிறது. அதனுள் ஒல்லாந்தர் 1706 இல் எழுப்பிய தேவாலயம் போரில் அழிந்தது. அவர்களிடம் எஞ்சியது எம்மிடம் இல்லை. எம்மிடம் எஞ்சியது அவர்களிடம் இல்லை. 2008 இல் மலாக்கா உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பெற்றது.

ஆற்றைக் கடந்து அப்பாற் சென்றோம். ஒரே தெருவழியில் விநாயகர் கோவிலும், பள்ளிவாசலும், சீனர் கோவிலும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. 1781 இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவில் மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோவிலெனப் போற்றப்படுவது. அதற்கு நிலம் பெற்றுத் தந்தவர் தைவநாயகம் செட்டி. அவர் வழிவந்த சமூகத்தைக் காணும் விருப்பத்துடன் கஜா பெராங் என்னும் இடத்திலுள்ள செட்டிக் கிராமத்திற்குப் போனோம்.

பதினைந்தாம் நூற்றாண்டிலே, சுல்தான்கள் ஆண்ட காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர் அவ்விடத்துப் பெண்களை மணந்து தங்கினர். அவர்தம் சந்ததியே மலாக்காச் செட்டிகள். பிள்ளை, நாயக்கர் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மாரியம்மனுக்கு விழா எடுக்கின்றனர். உடையோ மலாய் உடை, பேச்சும் மலாய்.

வாயிலில் இருந்த மூதாட்டியாருக்கு "வணக்கம்" என்றோம். அவர் முகமலர்ந்து கைகூப்பி, மலாய் மொழியில் மறுமொழி கூறினார். அருகில் நின்ற இளைஞர் ஆங்கிலத்தில் விளக்கினார்: "எங்கள் பாட்டியின் பாட்டிக்கும் தமிழ் தெரியாது, ஐயா. ஆனால் பொங்கலுக்கு முதல்நாள் வாழையிலையிட்டு முன்னோருக்குப் படைக்க நாங்கள் ஒருபோதும் தவறியதில்லை." பின்னர், "உங்கள் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா?" என்று அன்போடு கேட்டார்.

எமக்கு உடனே விடை வரவில்லை. எம் பேர்த்தியின் தமிழ், தொலைபேசியில் "அப்பப்பா, சுகமா?" என்ற இரு சொற்களோடு முடிந்துவிடுவது. மலாக்காவின் அந்த இல்லங்களில் தாய்மார் மலாய் பேசினர். பிள்ளையும் தாயின் மொழியையே பேசிற்று. அதிற் குறைகூற என்ன இருக்கிறது? எம் பேர்த்தியின் தாயும் தந்தையுமோ கொக்குவிலிலே தமிழ் பேசி வளர்ந்தவர்கள். மலாக்காவில் பல தலைமுறைகளில் நிகழ்ந்தது எம் வீட்டில் ஒரே தலைமுறையில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. அவர்கள் படையலைக் காத்தனர். ஆண்டுதோறும் தம் கையாலே செய்து, பிள்ளைகளையும் உடனிருத்திச் செய்வித்தமையாற் காத்தனர். நாமோ பேர்த்தியிடம் தமிழில் ஒரு கதையேனும் சொன்னதில்லை.

மாலையில் விமான நிலையம் திரும்பினோம். பேர்த்திக்கென வாங்கிய பாவைகளும் சட்டைகளும் பெட்டியில் நிறைந்திருந்தன. எல்லாவற்றிற்கும் அடியிற் கிடந்த அரிச்சுவடியை எடுத்து மேலே வைத்தோம்.