திட்டாத தோழன்

மூலக்குளத்தில் எங்கள் தெருவில் மாலையானால் பிள்ளைகள் மட்டையும் பந்துமாய்க் கூடிவிடுவார்கள். எங்கள் பேரனுக்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் இடமில்லை. எட்டு வயது. தன் முறை வரும்வரை பொறுக்கமாட்டான், மட்டையைப் பிடுங்குவான், பிறர் பேசி முடிக்குமுன் குறுக்கிடுவான். "அவனை உள்ளே கூப்பிடுங்க ஆயா" என்று பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் எங்கள் நெஞ்சு நோகும். பள்ளியிலும் அடங்காப்பிள்ளை என்றே பெயர். மறைப்பானேன்? நாங்களும் அப்படித்தான் எண்ணினோம், கைநீட்டியும் இருக்கிறோம்.

மருத்துவர்தாம் எங்கள் கண்ணைத் திறந்தார். இது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு. மூளை வளர்ச்சியைச் சார்ந்தது. பிள்ளையின் திமிரன்று என்றார். விதிகள் அவனுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நொடியில் செய்யத்தான் இயலவில்லை.

அதன்பின் தேடிப் படித்தோம். அமெரிக்க உளவியலறிஞர் போரிசு லெவின்சன், தம் நாய் ஜிங்கிள்சு அருகிருக்கையில் ஒதுங்கிய சிறுவன் ஒருவன் மனந்திறக்கக் கண்டு, 1962-இல் நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்றே எழுதினார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சபரினா ஷக் குழுவினர் இக்கோளாறுள்ள 7 முதல் 9 வயது வரையான 88 சிறாரை இரு பிரிவாக்கி, 12 வாரம் பழகுமுறைப் பயிற்சி அளித்தனர். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற நாய்கள். மற்றதில் பொம்மை நாய்கள். 2018-இல் முடிவு வெளியாயிற்று: இரு பிரிவினரும் முன்னேறினர், ஆனால் கவனத்திலும் பழகுமுறையிலும் உயிருள்ள நாய்களோடு பயின்றோரே மேம்பட்டிருந்தனர். துடிதுடிப்பில் வேறுபாடு இல்லை. ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991-இல் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டம், புளூ கிராசு வழியே சென்னைக்கும் வந்தது.

எங்கள் வீட்டு நாய் அத்தகைய பயிற்சி பெற்றதன்று. தடுப்பூசி போட்ட, வயதான, சாதுவான நாய், அவ்வளவே. மருத்துவரிடம் கேட்டோம். "சிகிச்சைக்கு மாற்றாகாது, பழக்கத்துக்கு உதவும். பெரியவர் ஒருவர் உடனிருங்கள்" என்றார்.

நாள்தோறும் ஒரே வேலை. "உட்கார்" என்று சொல்லவேண்டும்; அது உட்காரும்வரை காத்து, ஐந்து எண்ணி, ரொட்டித்துண்டைக் கொடுக்கவேண்டும். முதல் வாரம் அவன் கத்தினான். நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்தது. எவரும் கண்டிக்கவில்லை. ஒருநாள் அவனாகவே குரலைத் தாழ்த்தினான். நாய் வெளியே வந்தது. "தாத்தா, கத்தினா அதுக்குப் பயம்" என்றான். எங்கள் ஆயிரம் அறிவுரைகள் சொல்லாததை ஒரு வாயில்லாச் சீவன் சொல்லிவிட்டது. அது அவனுடைய பழைய கணக்கைப் புரட்டவில்லை. அந்த நொடியில் அவன் எப்படி இருந்தானோ, அதற்கு மட்டும் விடை தந்தது.

சில மாதங்கள் சென்று, ஒரு மாலை, தெருவோரம் அவன் தன் முறைக்காக நிற்பதைக் கண்டோம். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. மறுநாளே மீண்டும் சண்டைதான். ஆயினும் பிள்ளைகள் அவனைத் துரத்தவில்லை.

தோபித்து நூலில் இளைஞன் தோபியாவின் நெடும்பயணத்தில் வானதூதரோடு ஒரு நாயும் உடன்செல்கிறது. அது ஏன் அங்கே வருகிறதென்று முன்பெல்லாம் நாங்கள் எண்ணியதேயில்லை.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாருமே மெல்லப் பேசுகிறோம். அவன் கத்தினால் நாய் மட்டும் ஒளியவில்லை. நாங்கள் கத்தியபோது அவனும் ஒளிந்திருந்தான் என்பது எங்களுக்குக் காலந்தாழ்ந்தே விளங்கிற்று.