இரண்டு பெயர் வைத்திருந்த ஓவியர்

பழுப்பு நிறத் தாள். கருப்பு சாக்கில் சில கோடுகள். தோளிலும் முதுகிலும் மட்டும் வெள்ளை பேஸ்டலைக் கொஞ்சம் தீற்றியிருக்கிறார். அவ்வளவுதான், ஒரு பெண் நம் முன்னால் நிற்கிறாள். தாளின் நிறமே அவள் மேனியின் நிறமாகிவிடுகிறது.

அமெரிக்க ஓவியர் ஆர்தர் பி. டேவிஸ் (1862-1928) இதுபோல ஏராளமாக வரைந்திருக்கிறார். மியூசியங்களின் இணையப் பக்கங்களில் அவற்றைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆடையில்லாத உருவங்கள்தான். ஆனாலும் பார்ப்பவரைக் கூச வைக்காது, ஏதோ கனவில் நடப்பவர்கள் போல இருப்பார்கள்.

பேஸ்டல் என்பது நிறப்பொடியைக் கொஞ்சம் பசையோடு சேர்த்து உருட்டிய குச்சி. காயும்வரை காத்திருக்க வேண்டாம். விரலால் தேய்த்தாலே நிழல் விழும். மாடல் அசைவதற்குள் அந்த நிலையைப் பிடித்துவிடலாம்.

டேவிஸ் சாதாரண ஆள் இல்லை. 1913-ல் நியூயார்க்கில் நடந்த 'ஆர்மரி ஷோ'வை நடத்திய ஓவியர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மத்தீஸ், டுஷாம்ப் போன்றவர்களின் நவீன ஓவியங்களைப் பார்த்து அமெரிக்காவே அதிர்ந்தது அந்தக் கண்காட்சியில்தான்.

பிற்காலத்தில் அவரை ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. கிரேக்கச் சிலைகள் உயிரோடு இருப்பதுபோல் தெரியக் காரணம், அவை மூச்சை உள்ளே இழுக்கும் கணத்தில் செதுக்கப்பட்டவை என்று நம்பினார். தன் உருவங்களையும் அப்படியே வரைந்தார்.

மூச்சுவிடாமல் அவர் காத்த ரகசியம் ஒன்றும் இருந்தது. மனைவி வர்ஜீனியா ஒரு டாக்டர். நியூயார்க் மாநிலத்தின் காங்கர்ஸ் என்ற ஊரில், பண்ணை வீட்டில் இரண்டு மகன்களோடு இருந்தார். நகரத்தில், எட்னா பாட்டர் என்ற நடனக் கலைஞரோடு டேவிஸுக்கு இன்னொரு குடும்பம். ஒரு மகளும் உண்டு. அங்கே அவர் பெயர் டேவிட் ஓவன்! 1928-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் அவர் இறந்த பிறகுதான் வர்ஜீனியாவுக்கு விஷயம் தெரிந்தது.

'ஓவியரின் ரகசியக் குடும்பம்' என்று நான் தலைப்பு வைத்திருந்தால் கிளிக் எகிறியிருக்கும். ஆனால் அந்தத் தலைப்பிலும் ஓவியர்தான் ஹீரோ. அத்தனை வருடம் ஒருவரை நம்பி வாழ்ந்த வர்ஜீனியா அதில் எங்கே? பாதிப் பெயரோடு வாழ்ந்த எட்னா எங்கே?

இதையெல்லாம் படித்த பிறகு அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். அழகு குறையவில்லை, அதுதான் சங்கடம். இந்த முறை கண் போனது படத்துக்குக் கீழே. 'நிற்கும் பெண்', 'அமர்ந்திருக்கும் பெண்' என்ற மாதிரிதான் பல படங்களின் தலைப்பு.

வரைந்தவருக்கு இரண்டு பெயர். மணிக்கணக்கில் நின்றவளுக்கு ஒன்றுகூட இல்லை.

அடுத்த முறை ஒரு பெண்ணின் ஓவியத்தைப் பார்த்தால், வரைந்தது யார் என்பதோடு நின்றது யார் என்றும் தேடிப் பாருங்கள். நான் தேட ஆரம்பித்துவிட்டேன்.